மேசைமேல் சிகாகோ: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் கேங்ஸ்டர் ஆட்டத்தைப் பற்றி நாலு வரி எழுதினாலும் எழுதினேன், கடிதப் பை நிறையத் தொப்பிக்காரர்கள். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: கட்டைவிரல் உயர உலோக, பிளாஸ்டிக் மினியேச்சர்களை மேசையில் வைத்து, அங்குலக் கணக்கில் நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடும் விளையாட்டு இது. பதில் சொல்கிற நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்காரன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடத்தல்காரன்.

அண்ணா, நானும் என் தம்பியும் 1920-களின் சிகாகோ ஆட்டம் ஆரம்பித்திருக்கிறோம். மூன்று கம்பெனிகளில் பொம்மை வாங்கினோம். மூன்றிலும் 28 மி.மீ. என்றுதான் போட்டிருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒருவன் ஒல்லிக்குச்சி, ஒருவன் குண்டுத் தலையன், ஒருவன் எல்லோரையும்விட அரைத் தலை உயரம். இவர்களை ஒரே மேசையில் விடலாமா? இல்லை, விற்றுவிட்டு எல்லாவற்றையும் ஒரே கம்பெனியில் வாங்கவா?
— கே. எஸ்., ஆத்தூர்

விற்காதீர்கள் தம்பி. 28 மி.மீ. என்பது அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுத்த அளவு இல்லை. ஒரு கம்பெனி பாதத்திலிருந்து கண் வரை அளக்கிறது, இன்னொன்று உச்சந்தலை வரை. தொப்பி போட்டவனுக்கு உச்சந்தலை எங்கே என்று யாருக்குத் தெரியும்! போதாக்குறைக்கு, 28 என்ற பெயரை மாற்றாமலே வளர்ந்து 32-ஐத் தொட்டுவிட்ட ரேஞ்சுகளும் (ஒரு கம்பெனி ஒரே தொடராகப் போடும் பொம்மை வரிசைகள்) இருக்கின்றன.

முதலில் உயரத்தை மறந்துவிடுங்கள். 28 மி.மீ. பொம்மையை ஏறத்தாழ 1/56 அளவு என்று வைத்துக்கொள்ளலாம். 155 செ.மீ. உயரமுள்ள ஆள் அந்தக் கணக்கில் சுமார் 28 மி.மீ. வருவான். 185 செ.மீ. ஆள் 33 மி.மீ. ஐந்து மில்லி வித்தியாசம் ஆண்டவன் படைப்பிலேயே இருக்கிறது. சாயங்காலம் ஐந்து ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைப் பாருங்கள். குட்டையும் நெட்டையுமாகத்தான் நிற்கிறார்கள். யாரும் யாரையும் பார்த்து ‘நீ வேற கம்பெனியா?’ என்று கேட்பதில்லை.

கண்ணை உறுத்துவது தலை. பெரியவர்களுக்குத் தாடையிலிருந்து உச்சி வரை சுமார் 23 செ.மீ. இருக்கும். 1/56-இல் அது 4 மில்லியும் கொஞ்சமும். உங்கள் குண்டுத் தலையனுக்கு ஐந்தரை மில்லி இருந்தால், நிஜத்தில் அவன் ஒரு அடி உயரத் தலையைச் சுமந்துகொண்டு சிகாகோவில் திரிகிறான் என்று அர்த்தம். இது செய்தவரின் குறை இல்லை. தூரத்திலிருந்து பார்த்தாலும் முகம் தெரியட்டும் என்று தலை, கை, ஆயுதம் மூன்றையும் வேண்டுமென்றே பெரிதாக்குவார்கள். இதற்கு ‘ஹீரோயிக்’ பாணி என்று பெயர். பெயின்ட் அடிக்கச் சுகமாக இருக்கும். அளவு பிசகாமல் செய்த ஒல்லிப் பொம்மைக்குப் பக்கத்தில் நிறுத்தும்போதுதான் வம்பு.

தலைக்கு அடுத்தது கை, அப்புறம் துப்பாக்கி. 1921 மாடல் டாமி கன் என்ற கை இயந்திரத் துப்பாக்கி, தோள்கட்டையோடு சேர்த்து 85 செ.மீ. அளவுக்கு நீளம். பொம்மையின் கையில் அது 15 மில்லி இருக்க வேண்டும். வெர்னியர் அளவுகோல் இருந்தால் வைத்துப் பாருங்கள். 19 வந்தால் அவன் ஒரு மீட்டருக்கு மேல் நீளமான எதையோ தூக்கிக்கொண்டிருக்கிறான். பெரிய தலைக்காரனுக்குப் பெரிய துப்பாக்கி பொருந்திவிடும். அதையே ஒல்லியன் கையில் மாற்றி ஒட்டினால் பீரங்கி.

இன்னொன்று: கம்பெனிப் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், செதுக்கியவர் யார் என்று விசாரியுங்கள். எங்கள் பட்டறைத் தெருவில் ஒரு கொலுசைக் கையில் கொடுத்தால், கடைப்பெயரைப் பார்க்காமலே இது யார் கைவேலை என்று சொல்லிவிடுவார்கள். பொம்மையும் அப்படித்தான். மார்க் காப்பிள்ஸ்டோன் ஃபவுண்ட்ரி கம்பெனிக்கும் செதுக்கியிருக்கிறார், பிறகு காப்பிள்ஸ்டோன் காஸ்டிங்ஸ் என்ற தன் சொந்தப் பெயரிலும் கேங்ஸ்டர் ரேஞ்ச் போட்டார். பெட்டி வேறு, கை ஒன்று. கனடாவின் பல்ப் ஃபிகர்ஸ் என்றால் பாப் மர்ச் என்ற ஒருவரின் கை. ஆர்ட்டிசான் டிசைன்ஸ் என்றால் மைக் ஓவன். ஒரே சிற்பியின் கையிலிருந்து வந்தவர்கள் வேறு வேறு வருஷத்தில் வந்திருந்தாலும் ஒருவரோடொருவர் சண்டை போட மாட்டார்கள். மேசையில் போட்டால் சரி.

நீங்கள் நல்ல காலத்தைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெப்போலியன் காலத்துப் படை என்றால் வரிசையில் தோளோடு தோள் நிற்க வேண்டும், ஒரு மில்லி பிசகினாலும் பல்லிளிக்கும். கேங்ஸ்டர்கள் ஆளுக்கொரு மூலையில் ஒளிந்து நிற்பவர்கள். ஃபெடோரா தொப்பியின் விளிம்பு தலை அளவில் பாதியை மறைத்துவிடும். நீளமான ஓவர்கோட், ஒல்லியனின் ஒல்லியை மறைத்துவிடும். அதனால் ஒல்லி ரேஞ்சில் வாங்கும்போது கோட்டுக்காரர்களாகப் பார்த்து எடுங்கள். சட்டைக் கையை மடித்துவிட்டு நிற்கிறவனை வாங்கினால் குச்சிக் கை அப்படியே தெரியும்.

இப்போது உங்களிடம் இருப்பவர்களைப் பிரிப்போம். குண்டுத் தலையர்கள் எல்லோரும் ஒரே கேங். ஒல்லிக்குச்சிகள் எல்லோரும் மதுவிலக்கு ஏஜென்டுகள். அமெரிக்க மதுவிலக்கு ஏஜென்டுகள் சாதாரண கோட், தொப்பியில்தான் வந்தார்கள். அதனால் தனிப் பொம்மை தேடத் தேவையில்லை, பேஸ் (பொம்மை நிற்கும் தட்டு) ஓரத்துக்கு வேறு நிறம் அடித்தால் போதும். அந்த நெட்டையன் ஒருவன்தான் என்றால் அவனைத் தலைவனின் மெய்க்காப்பாளன் ஆக்குங்கள். எல்லோரும் ‘சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறான்’ என்பார்கள்.

கடைசியாக, எல்லோருக்கும் ஒரே அளவு பேஸ், ஒரே மண், ஏஜென்டுகளைத் தவிர மற்றவர்களுக்கு ஒரே கறுப்பு ஓரம். நான் 12 மில்லி போல்ட்டுக்கு வரும் வாஷரை வைத்துக்கொள்கிறேன். 24 மி.மீ. அகலம், நல்ல கனம், காந்தத்தில் ஒட்டும் என்பதால் தகரப் பெட்டியில் ஆடாமல் நிற்கும். ரூபாய்க் காசை ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஹார்டுவேர் கடையில் வாஷர் கிடைக்கும்போது காசை எதற்குப் பாழாக்குவது? குட்டையனைக் கொஞ்சம் தூக்க வேண்டுமானால் வாஷருக்கு மேல் ஒரு அட்டைத் துண்டு ஒட்டி, அதை நடைபாதைக் கல் மாதிரி கீறிவிடுங்கள். ஒரு மில்லி கூடிவிடும், யாருக்கும் தெரியாது.

ஐயா, நான் வெள்ளி வேலை செய்கிறவன். பையனின் உலோகப் பொம்மையில் துப்பாக்கி உடைந்துவிட்டது. ஊதுகுழலில் பற்ற வைத்துக் கொடுக்கட்டுமா?
— ஒரு வாசகர், சிவதாபுரம்

ஐயோ, வேண்டாங்க! வெள்ளி உருக 961 டிகிரி வேண்டும். இந்தப் பொம்மைகள் வெள்ளீயம் கலந்த உலோகம், சுத்த வெள்ளீயமே 232 டிகிரியில் உருகிவிடும். நம் கைப்பழக்கத்தில் நெருப்பைக் காட்டினால் துப்பாக்கி மட்டுமில்லை, கையும் தோளும் சேர்ந்து சொட்டிவிடும். ஊசி துரப்பணத்தால் இரண்டு பக்கமும் அரை மில்லித் துளை போடுங்கள். மெல்லிய கம்பி ஒன்றைச் செருகி ஃபெவிக்விக் ஒரு சொட்டு விடுங்கள். உங்கள் கைக்கு இது தூங்கிக்கொண்டே செய்கிற வேலை. உங்கள் ஊசி அரத்தைப் பையனுக்குக் கொஞ்சம் கடன் கொடுங்கள், அச்சு சேர்ந்த இடத்தில் தெரியும் கோட்டை அதைவிட நன்றாக எதுவும் எடுக்காது. பழைய பொம்மையாக இருந்தால் காரீயம் கலந்திருக்கும். அந்த அரப்பொடியை ஊதித் தள்ளாமல் ஈரத்துணியால் துடைத்து எடுக்கச் சொல்லுங்கள், வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

அண்ணா, நண்பனிடம் ரெசின் 3டி பிரின்டர் இருக்கிறது. அளவு பொருந்தாத பொம்மைகளை 90 சதவீதமாகக் குறைத்து அச்சடித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததுதானே?
— ஆர். வி., மேட்டூர்

பாதி தீரும். 90 சதவீதம் என்றால் எல்லாமே 90 சதவீதம். உயரம் குறையும், தலையும் குறையும், ஆனால் உடம்புக்குத் தலை எவ்வளவு பெரிது என்ற விகிதம் அப்படியேதான் இருக்கும். குண்டுத் தலையன் குட்டிக் குண்டுத் தலையன் ஆவான். 32 மில்லி ஹீரோயிக் பொம்மையைத் தலை பொருந்தும்வரை சுருக்கினால் உடம்பு சின்னப் பையன் உடம்பாகிவிடும். துப்பாக்கிக் குழல் மெலிந்து, அச்சடிக்கும்போது தாங்கிப் பிடிக்கும் கம்பியைப் பிடுங்கும்போதே கையோடு வந்துவிடும்.

கோப்பில் தலை தனியாக இருந்தால் யோகம். தலையை மட்டும் 85-க்குக் குறைத்து, உடம்பை 95-இல் விடுங்கள். அப்படி இல்லையென்றால் சுருக்குகிற வேலையை விட்டுவிட்டு, அச்சடித்தவர்களை மட்டும் வைத்துத் தனி கேங் கட்டுங்கள். பிரின்டரின் உண்மையான லாபம் ஆட்களில் இல்லை என்பது என் கட்சி. பீப்பாய், சாராயப் பெட்டி, தெருவிளக்கு, தபால் பெட்டி, நாற்காலி: இவற்றை ஒரே கோப்பிலிருந்து அடித்து மேசை முழுக்கப் பரப்புங்கள். பொருள்கள் ஒரே மாதிரி இருந்தால் ஆட்களின் வேறுபாட்டைக் கண் கவனிக்காது.

கார் இல்லாமல் கேங்ஸ்டரா? 1/43 டைகாஸ்ட் (வார்ப்பு உலோக) கார்கள் கிடைக்கின்றன. பொம்மை 1/56 என்றால் கார் பெரிதாகத் தெரியாதா?
— டி. பி., ஓமலூர்

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஃபோர்டு மாடல் டி, 1908-இலிருந்து 1927 வரை வந்த வண்டி, நீளம் சுமார் 3.4 மீட்டர். 1/56-இல் 61 மி.மீ., 1/43-இல் 79 மி.மீ. காகிதத்தில் பெரிய இடைவெளிதான். மேசையில் அவ்வளவு தெரியாது. பொம்மை பேஸின்மேல் ஏறி நிற்கிறது, உடம்பும் கொஞ்சம் பருமன். அதனால் 1/43-உம் கண்ணுக்கு ஒத்துப்போகும், 1/48 இன்னும் நன்றாக ஒத்துப்போகும். 1/64 வேண்டாம், காரில் ஏற வந்தவன் காரைத் தூக்கிக்கொண்டு போகிறவன் மாதிரி தெரிவான். மலிவான பொம்மைக் கார்களில் எழுதியிருக்கும் அளவையும் நம்பாதீர்கள், பெட்டிக்குள் அடங்கும் அளவுக்கு லாரியையும் காரையும் ஒரே நீளத்தில் செய்வது உண்டு.

கடையில் சோதிக்க எளிய வழி: பொம்மை ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். காரின் கதவுப் பக்கத்தில் நிறுத்துங்கள். அந்தக் காலத்து மூடிய கார்கள் ஆள் உயரத்துக்கு இருந்தவை. தொப்பி கூரைக்கு மேலே ரொம்ப நீட்டிக்கொண்டு நின்றால் கார் சின்னது. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். எல்லாக் கார்களும் ஒரே அளவில் இருப்பது முக்கியம். ஆட்களைக் கலக்கலாம், கார்களைக் கலக்காதீர்கள். ஒரு மாடல் டி-க்குப் பக்கத்தில் இன்னொரு மாடல் டி சின்னதாக நின்றால் சாக்கே சொல்ல முடியாது.

ஏற்காட்டில் இருக்கிறேன். ஸ்ப்ரே பிரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்தால் பொம்மைமேல் மாவு தூவியது போல் ஆகிறது. டப்பா கெட்டதா?
— ஜே., ஏற்காடு

டப்பா பாவம். உங்கள் பனிமூட்டம்தான் காரணம். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் ஸ்ப்ரே வெளுத்து, சொரசொரப்பாகப் படியும். இங்கே கீழே சித்திரை வெயிலில் வேறு தொல்லை: துளி பொம்மையை எட்டும் முன்பே காய்ந்து மணல் மாதிரி ஒட்டும். நீங்கள் தூரிகையால் பூசும் பிரைமருக்கு மாறுங்கள். இல்லை, பொம்மைகளை டப்பாவோடு எடுத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, காலை ஒன்பது மணிக்கு அஸ்தம்பட்டியில் யார் வீட்டு மாடியிலாவது அடித்துக்கொண்டு போங்கள்.

தம்பி, என் பேரன் ரவுடிப் பொம்மைகளை வைத்து ‘காதலர் தினப் படுகொலை’ ஆடப்போகிறேன் என்கிறான். நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. இதெல்லாம் விளையாட்டா?
— ஒரு பாட்டி, சங்ககிரி

அம்மா, அந்தக் குறிப்பிட்ட ஆட்டம் எனக்கும் பிடிக்காது. 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் ஒரு கார் கராஜுக்குள் ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். சுட வந்தவர்களில் இருவர் போலீஸ் உடையில் இருந்ததால், உள்ளே இருந்தவர்கள் வழக்கமான சோதனை என்று நினைத்துக் கை தூக்கிவிட்டார்கள் என்பார்கள். திருப்பிச் சுட வழியில்லாதவர்களை வைத்து என்ன ஆட்டம்? ஒரு பக்கத்துக்குச் செய்ய எதுவுமே இல்லை. கெட்ட சம்பவம் என்பது ஒரு பக்கம், மோசமான ஆட்டம் என்பது இன்னொரு பக்கம்.

பேரனிடம் அதற்குப் பதிலாக இதைச் சொல்லுங்கள்: போலீஸ் உடைப் பொம்மைகளில் எது நிஜப் போலீஸ், எது வேஷம் என்று எதிராளிக்குத் தெரியாமல் ஒரு சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைத்துக்கொண்டு ஆடட்டும். சாராய லாரியை நிறுத்துகிறவன் யார் என்று தெரியாமல் இரண்டு பேருமே நடுங்குவார்கள். கடைசிப் பாடமும் கேட்டால் சொல்லுங்கள், அல் கபோனை 1931-இல் உள்ளே தள்ளியது துப்பாக்கி இல்லை, வருமான வரிக் கணக்கு. பதினோரு வருஷம். ஆசிரியைக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

சார், எத்தனை நாள்தான் சிகாகோ? நம்ம சேலத்திலேயே ஆட முடியாதா? பொம்மைக்கு எங்கே போவது?
— கல்லூரி மாணவர், அம்மாப்பேட்டை

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அமெரிக்காவில் மதுவிலக்கு 1920 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து 1933 டிசம்பரில் செத்தது. நாலு வருஷம் கூட ஆகவில்லை, 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி மந்திரிசபை மதுவிலக்கைக் கொண்டுவந்தது. சென்னை மாகாணத்திலேயே முதலில் எங்கே? நம்ம சேலம் மாவட்டத்தில். அப்போது நாமக்கல், தர்மபுரி, ஓசூர் எல்லாம் சேலம் ஜில்லாதான்.

ஆட்டக்காரன் கண்ணால் பாருங்கள். மேற்கே காவிரிதான் எல்லை. இந்தக் கரையில் பள்ளிபாளையம், சேலம் ஜில்லா, மதுவிலக்கு. அந்தக் கரையில் ஈரோடு, அப்போது கோயம்புத்தூர் ஜில்லா, மதுவிலக்கு இன்னும் போகவில்லை. நடுவில் ஆறு, ராத்திரி, பரிசல். இதைவிட நல்ல மேசை சிகாகோவில் இருக்கிறதா? பரிசலுக்கு நாலு செ.மீ. அகலமுள்ள மூடியை எடுத்துக் கோணித்துணி ஒட்டுங்கள். நடு ஆற்றில் பகடையில் ஒன்று விழுந்தால் பரிசல் சுழலும், எந்தக் கரையில் ஒதுங்குகிறதோ அங்கே சண்டை. இன்னொரு மேசை வேண்டுமென்றால் சேர்வராயன் மலைச்சரிவு, புதருக்குள் ஊறல் பானை, தேடி வரும் காக்கி அரைக்கால் சட்டைக்காரர்கள். டாமி கன் கிடையாது. தடி, அரிவாள், பக்கத்துக்கு ஒரு நாட்டுத் துப்பாக்கி, அதுவும் ஒரு தடவை சுட்டால் மறுபடி கெட்டிக்க இரண்டு சுற்று ஆகும்.

வேட்டி கட்டிய கடத்தல்காரன் பெட்டியில் வருவதை நான் பார்த்ததில்லை, செய்துகொள்ள வேண்டியதுதான். சட்டைக் கையை மடித்த கேங்ஸ்டர் உடம்பை எடுங்கள். கால்சட்டையின் மடிப்புக் கோட்டை அரத்தால் தேயுங்கள். இடுப்பிலிருந்து முழங்கால் வரை எம்-சீல் வைத்து, ஈர ஊசியால் மடிப்புக் கீறினால் மடித்துக் கட்டிய வேட்டி தயார். எம்-சீல் கொஞ்சம் கரகரப்பு, சீக்கிரம் இறுகும். துணிக்குச் சரி, முகத்துக்கு வேண்டாம்.

இங்கேதான் ஆத்தூர்த் தம்பிக்குச் சொன்னது வேறு விதமாகத் திரும்பி வருகிறது. நம் ஆட்களுக்கு ஃபெடோரா கிடையாது. தொப்பியைக் கழற்றியதும் தலை அளவு வித்தியாசம் பட்டவர்த்தனம். அதனால் உடம்பை எந்த ரேஞ்சில் வேண்டுமானாலும் எடுங்கள், தலைகளை மட்டும் ஒரே இடத்தில் வாங்குங்கள். தனித் தலைகளாக விற்கும் பாக்கெட்டுகள் இருக்கின்றன. பழைய பிரிட்டிஷ் இந்தியப் படை ரேஞ்சுகளில் தலைப்பாகைத் தலைகள் கிடைக்கும், ஆனால் அது பட்டாளத்துக் கட்டு. ஓரத்தைச் செதுக்கிவிட்டு, மேலே கொஞ்சம் புட்டி வைத்து நம்மூர் உருமால் மாதிரி தளர்வாகச் சுற்றிவிடுங்கள். ஃபெடோரா விளிம்பு செய்த வேலையை உருமால் செய்துவிடும். வேட்டிக்குப் பளீர் வெள்ளை அடிக்காதீர்கள், ஆற்றில் நனைந்து வந்தவன். பழுப்பு கலந்த சாம்பலில் ஆரம்பித்து மடிப்பு மேட்டில் மட்டும் வெள்ளையைத் தொடுங்கள்.

செய்து முடித்ததும் படம் அனுப்புங்கள். எல்லோருக்குமே சொல்கிறேன், படம் எடுக்கும்போது பொம்மைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை நிறுத்துங்கள். பூந்தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி எடுத்துவிட்டு ‘தலை சரியாக இருக்கிறதா?’ என்று கேட்டால், தொட்டி என்ன அளவு என்றுதான் நான் திருப்பிக் கேட்க முடியும்.